ஒரு கல்லில் எத்தனை, ஒரு கரையில் எத்தனை: கொழும்புக் கரையோரத்தில் சிப்பியும் மட்டியும் எண்ணும் முறை

வெள்ளவத்தைக் கரையில் பாறைச்சிப்பி அதிகம், தெஹிவளையில் குறைவு என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: வெள்ளவத்தையில் எந்தக் கல்லில், அந்தக் கல்லின் எந்தப் பக்கத்தில்? ஒரே கருங்கல்லின் கடல் பார்த்த முகத்தில் கையகல இடத்துக்குள் சிப்பி நெருக்கியடித்துக் கொண்டிருக்கும். உச்சி வெயில் விழும் மேல்முகத்தில் ஒன்றுகூட இருக்காது. இந்த வித்தியாசத்தை அளக்காமல் ஊரோடு ஊரை ஒப்பிடுபவர் உண்மையில் ஒப்பிடுவது தற்செயலாகக் கால் வைத்த இரண்டு கற்களைத்தான்.

பாடசாலைச் செயற்றிட்டங்களிலும் சுற்றாடல் கழகங்களின் அறிக்கைகளிலும் அடிக்கடி வரும் பிழை இது. எண்ணும் வேலையில் குறை இருக்காது. எந்த அளவில் எண்ணுகிறோம் என்பதை யாரும் முன்கூட்டி முடிவு செய்திருக்கமாட்டார்கள். மூன்று பேர், மூன்று காலைப்பொழுது, சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கக்கூடிய சாமான்கள் இருந்தால் அந்தக் குறையைத் தீர்த்துவிடலாம்.

அளவுகளை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

நான்கு படிகள் போதும். மிகச் சிறியது சட்டம்: 25 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரம். அடுத்தது துண்டு: கரையோரமாக 10 மீற்றர் நீளம். அதற்கு மேல் இடம்: பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை போல ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருப்பவை. எல்லாவற்றுக்கும் மேல் வாழிடம்: திறந்த கடற்கரை ஒன்று, நீர்கொழும்புக் களப்பு இன்னொன்று.

மூன்று இடம், இடத்துக்கு மூன்று துண்டு, துண்டுக்கு நான்கு சட்டம். மொத்தம் 36 சட்டங்கள். ஓரிடத்தின் துண்டுகள் குறைந்தது நூறு மீற்றராவது விலகியிருக்கட்டும். நேரம் குறைவென்றால் சட்டங்களைக் குறைக்கலாம், துண்டுகளைக் குறைக்க வேண்டாம். ஓரிடத்துக்கு ஒரு துண்டு மட்டும் வைத்துப் பன்னிரண்டு சட்டம் எண்ணுவது இலகுவாகத் தோன்றும். ஆனால் அதன்பின் காணும் வித்தியாசம் இடத்தாலா துண்டாலா என்று எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது.

ஒவ்வொரு படியிலும் காரணம் வேறு என்பதால்தான் இத்தனை பிரிப்பு. சென்ரிமீற்றர் அளவில் ஆட்சி செய்வது நிழல், வெடிப்பு, ஈரம், பக்கத்துச் சிப்பி. சிப்பிக் குடம்பிகள் (நீரில் மிதக்கும் இளம்பருவம்) ஏற்கெனவே சிப்பி ஒட்டிய இடத்தைத் தேடி ஒட்டுவதால் கூட்டம் மேலும் கூட்டமாகிறது. பத்து மீற்றர் அளவில் அலை மோதும் வேகமும், கல்லின் அடியை மணல் வந்து மூடித் தேய்ப்பதும் முக்கியம். கிலோமீற்றர் அளவுக்குப் போனால் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் கொண்டுவரும் நன்னீரும் அழுக்கும், கல் எப்போது போடப்பட்டது என்பதும் பேசத் தொடங்கும். பல பத்துக் கிலோமீற்றர் அளவில் இனமே மாறிவிடும். சிப்பிக் குடம்பி இரண்டு மூன்று வாரம் நீரில் மிதந்து திரிந்த பிறகே ஒட்டுகிறது. ஆகவே ஒரு கரையில் இன்றிருக்கும் சிப்பியின் தாய் அந்தக் கரையில் இருந்திருக்க வேண்டும் என்றில்லை.

நாள் பார்ப்பது

கொழும்பில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. பெரிய வற்றின்போதுகூட ஏற்ற இறக்கம் அரை மீற்றரைச் சற்றே தாண்டும். சிறிய வற்றில் அதில் பாதியும் வராது. வெளிநாட்டுக் கையேடுகளில் மேல், நடு, கீழ் என்று மீற்றர் கணக்கில் பிரிக்கும் வலயங்கள் இங்கே ஒன்றரை முழத்துக்குள் அடங்கிவிடும். 10 சென்ரிமீற்றர் உயர வித்தியாசம் இங்கே பெரிய விடயம்.

போயா (பௌர்ணமி) நாளையும் அமாவாசையையும் ஒட்டிய இரண்டு மூன்று நாள்களைத் தேர்ந்தெடுங்கள். போயா விடுமுறையாக இருப்பது வசதி. ஒரு நாளில் வரும் இரண்டு வற்றும் ஒரே அளவாக இராது. அட்டவணையில் எது தாழ்வு, அது பகல் வெளிச்சத்தில் விழுகிறதா என்று பாருங்கள். கொழும்புக்கான வற்றுப்பெருக்கு அட்டவணை கிடைக்கிறது. கையிலுள்ள செயலி கொழும்புத் துறைமுகத்துக்கான எண்ணையே காட்டுகிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். வற்றின் உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி ஒரு மணி நேரம் பின்பு முடியுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று பேர் 12 சட்டங்களை நிதானமாக எண்ணலாம். அதாவது ஓரிடத்துக்கு ஒரு காலை.

அட்டவணை மட்டும் போதாது. தென்கடலில் இருந்து வரும் நீண்ட அலை வற்றின் இறக்கம் முழுவதையும் விழுங்கிவிடும். மே முதல் செப்ரெம்பர் வரை, தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலத்தில், கொழும்பின் பாறைக்கரைகளில் கீழ்மட்டத்தை எண்ண நினைக்க வேண்டாம். திசெம்பர் கடைசியில் இருந்து மார்ச் வரை நல்ல காலம். ஒக்ரோபர், நவெம்பர் மழையில் கால்வாய்கள் பெருகி நீர் கலங்கிவிடும். கல்லில் உள்ளதை எண்ணலாம், உவர்த்தன்மை அளந்தால் எண் அன்றைய மழையைத்தான் சொல்லும்.

இடங்களை ஒப்பிடுவதானால் மூன்று இடத்தையும் ஒரே போயாவை ஒட்டி முடியுங்கள். ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்றால் இடையில் புதுக்குஞ்சுகள் ஒட்டிவிடும், காலத்தின் வித்தியாசம் இடத்தின் பெயரில் பதிவாகும்.

சாமான்கள்

சட்டத்துக்கு அரை அங்குல பி.வி.சி. குழாயும் நான்கு எல்போவும். உள்விளிம்பில் இருந்து உள்விளிம்புக்கு 25 சென்ரிமீற்றர் வர வேண்டும். எல்போ பிடித்துக்கொள்ளும் நீளத்தைச் சேர்த்து வெட்டி, பொருத்திய பின் மறுபடி அளவுகோல் வையுங்கள். 25 என்று நினைத்தது 27 ஆகிவிட்டால் பரப்பு 17 வீதம் கூடிவிடும், அந்தப் பிழை எல்லாச் சட்டத்திலும் ஒரே பக்கமாக ஏறும். குழாயில் ஆங்காங்கே துளை போட்டால் நீர் புகுந்து மிதக்காமல் இருக்கும். 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நான்கு நைலோன் நூல் குறுக்கிலும் நான்கு நெடுக்கிலும் கட்டினால் 25 சிறு கட்டங்களும் 16 சந்திப்புகளும் கிடைக்கும். வளைந்த கல்லுக்கு இந்தச் சட்டம் படியாது. ஒரு மீற்றர் சுற்றளவுள்ள கயிற்று வளையத்தில் 25 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு நான்கு மூலையாக இழுத்துப் பிடியுங்கள்.

உயரம் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் பத்துப் பதினைந்து மீற்றர் போதும். தண்ணீர் நிரப்பி, குமிழி ஒன்றும் இல்லாமல் தட்டி எடுங்கள். ஒரு முனையை அசையாத ஓர் அடையாளத்தில், உதாரணமாகக் கொங்கிறீற்றில் கீறிய கோட்டில், பிடியுங்கள். மறுமுனையைச் சட்டத்தின் நடுவில் பிடியுங்கள். இரண்டு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும். அதிலிருந்து சட்டம் எத்தனை சென்ரிமீற்றர் கீழே என்று அளவுநாடாவால் வாசியுங்கள். ஒரு குமிழி தங்கினாலும் வாசிப்பு சில சென்ரிமீற்றர் தவறும். அந்தக் கோடு கடல்மட்டத்தில் எங்கே நிற்கிறது என்பதை அறிய, அலையற்ற காலையில் வற்று உச்சத்தின்போது நீரின் சராசரி மட்டத்தைக் கோட்டிலிருந்து அளந்து அட்டவணை எண்ணோடு பொருத்துங்கள். மூன்று நாள் செய்து சராசரி எடுத்தால் நம்பலாம்.

மற்றவை: 30 மீற்றர் நாடா, வேணியர் இடுக்கி, நீரில் ஊறாத தாளும் பென்சிலும், தடித்த அடிச் சப்பாத்து, மேசன் கையுறை. சிப்பி விளிம்பு சவரத்தகடு போல வெட்டும். கால்வாய் வாய்க்கு அருகே அந்தக் காயம் சீழ் பிடிக்கும் என்பதால் குடிநீரும் சவர்க்காரமும் பையில் இருக்கட்டும்.

கொள்ளுப்பிட்டியில் இருந்து தெற்கே போகும் கரைக்குப் புகையிரதப் பாதையைக் கடந்துதான் இறங்க வேண்டும். அலைச்சத்தத்தில் புகையிரதம் வருவது காதில் விழாது. கடவையில் மட்டும் கடந்து, தண்டவாளத்துக்கும் கற்களுக்கும் இடையில் சாமான் வைக்காமல், ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். தண்டவாளத்தோரம் நடந்து அடுத்த துண்டுக்குப் போவது சட்டப்படியும் குற்றம். துறைமுகப் பக்கம் அனுமதியில்லாமல் எட்டியும் பார்க்க முடியாது. மற்ற இடங்களிலும் நாடாவோடும் குழாயோடும் நிற்பவர்களிடம் பொலிஸார் விசாரிப்பது வழக்கம். அதிபரின் கடிதம் ஒன்று கையில் இருந்தால் நேரம் மிச்சம்.

பாறைக்கரை

கொழும்பின் பாறைக்கரை இரண்டு வகை. ஒன்று இயற்கைப் பாறை: வெள்ளவத்தைப் பக்கம் நீரோடு நீராகக் கிடக்கும் தட்டையான மணற்பாறை, கல்கிசை முனையின் கரும்பாறை. மற்றது மனிதர் போட்டது: புகையிரதப் பாதையைக் காக்கும் கல்லணை, துறைமுகத்தின் அலைதாங்கிகள், 269 ஹெக்டயரில் கடலை நிரப்பி எழுப்பிய துறைமுக நகரத்தின் வெளிவிளிம்பு. இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்க வேண்டாம். கல்லணைக் கற்களுக்கு இடையில் நிழலான குகைகள் உண்டு, தட்டைப் பாறையில் இல்லை. தட்டைப் பாறையில் நீர் தேங்கும் குழிகள் உண்டு, கல்லணையில் குறைவு. மூன்று இடமும் கல்லணையாக இருக்கட்டும், அல்லது மூன்றும் இயற்கைப் பாறையாக இருக்கட்டும்.

துண்டைத் தேர்ந்ததும் நாடாவைக் கரையோடு ஒட்டி 10 மீற்றருக்கு விரியுங்கள், ஒரே உயர மட்டத்தில். சட்டம் எங்கே விழ வேண்டும் என்பதைக் கண் முடிவு செய்யக்கூடாது. கண் எப்போதும் சிப்பி நிறைந்த இடத்துக்கே போகும். வெறுமையான கல்லில் சட்டம் வைக்க யாருக்கும் மனம் வராது. பையிலுள்ள ரூபாய்த் தாள்களின் தொடரிலக்கக் கடைசி இரண்டு இலக்கங்களை வீட்டிலேயே எழுதி வையுங்கள். 47 என்றால் நாடாவில் 4.7 மீற்றர். அங்கே மணல்தான் இருந்தால் அடுத்த எண்ணுக்குப் போங்கள். வெறுங்கல் இருந்தால் வைத்து, பூச்சியம் என்று எழுதுங்கள். விடுபட்ட பூச்சியங்கள்தான் பெரும்பாலான அறிக்கைகளில் சராசரியை உயர்த்திக் காட்டுகின்றன.

எந்த முகம் என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். இடங்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் கேள்வி என்றால் கடல் பார்த்த முகத்தை மட்டும் எடுப்பது புத்தி. சிறிய அளவில் எவ்வளவு மாறுகிறது என்பதே கேள்வி என்றால் முகத்தையும் தற்செயலுக்கு விட்டு, மேல், கடல், கரை, இடுக்கு என்று ஒரு நிரலில் குறியுங்கள். நடுவில் மனம் மாறினால் முன்னைய சட்டங்கள் வீண்.

இனி எண்ணுவது. கொழும்புக் கல்லில் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் சக்கொஸ்ட்ரியா இனப் பாறைச்சிப்பி, விளிம்பு நெளிந்து பல்லுப்பல்லாக இருக்கும். அதோடு நெரிட்டா ஊரி (சிறு கடல் நத்தை), தொப்பி வடிவ லிம்பெட், உச்சியில் சிறிய லிற்றொரினா ஊரிகள். கூம்பாக ஒட்டியிருக்கும் பானக்கிள் சிப்பியல்ல, நண்டு இறால் வகையைச் சேர்ந்தது. ஆனால் இடத்துக்குப் போட்டி போடுவதால் தனி நிரலில் குறிப்பது நல்லது.

உயிருள்ளதையும் செத்ததையும் பிரிப்பதில்தான் புதியவர்கள் தவறுவது. சிப்பி செத்தால் மேலோடு கழன்று போகும், கீழோடு கல்லோடு ஒட்டியே இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் அதுவும் சிப்பிதான். உள்ளே வெள்ளையாகவோ சேறு நிறைந்தோ தெரிந்தால் அது செத்தது. இரண்டு ஓடும் இருந்தால் மேலோட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: உயிருள்ளது அசையாது, செத்தது ஆடும் அல்லது திறக்கும். செத்தவற்றையும் எண்ணி வேறு நிரலில் எழுதுங்கள். ஒரு துண்டில் கீழோடுகள் மட்டும் நிறைய இருந்தால் அங்கே குடம்பி வராமல் இல்லை, வந்து வளர்ந்து பிறகு அழிந்திருக்கிறது என்று தெரியும். காரணம் தேடும் திசையே மாறும்.

சட்ட விளிம்பில் விழுபவற்றுக்கு ஒரு விதி: மேல், இடது விளிம்பைத் தொடுபவற்றைச் சேர்க்கவும், கீழ், வலது விளிம்பைத் தொடுபவற்றை விடவும். 5 மில்லிமீற்றருக்குச் சிறியவை குஞ்சு என்று தனியாக. ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்து எண்ணவே முடியாத சட்டத்தில் 16 நூல் சந்திப்புகளுக்கும் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 12 சந்திப்பில் உயிர்ச்சிப்பி என்றால் மூடிய பரப்பு 75 வீதம். எண்ணிக்கையும் பரப்பும் வேறுவேறு அளவைகள், ஒன்றை மற்றதாக மாற்ற முயல வேண்டாம்.

துண்டுக்கு 30 சிப்பியின் நீளத்தை வேணியர் இடுக்கியால், இரண்டு ஓடும் பொருந்தும் முனையில் இருந்து எதிர் விளிம்பு வரை, அளவுங்கள். பெரியதைத் தேடாமல் ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக எடுங்கள். எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் இரண்டு துண்டில் ஒன்றில் எல்லாமே குஞ்சு, மற்றதில் எல்லாமே கிழடு என்பது சாதாரணம். எதையும் கல்லிலிருந்து பெயர்க்க வேண்டாம். சில சங்கு இனங்கள் நாட்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. எடுத்துப் பார்த்த ஊரியை அதே இடத்தில், அதே பக்கம் கீழாக, விடுங்கள்.

மூன்று பேர் எண்ணினால் மூவரின் கண்ணும் வேறு. பத்துச் சட்டத்துக்கு ஒன்றை இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள். பத்து வீதத்துக்கு மேல் விலகினால் நின்று, எது சிப்பி எது குஞ்சு என்று பேசித் தீர்த்துவிட்டுத் தொடருங்கள். ஒருவரே ஓரிடம் முழுவதையும் எண்ணக்கூடாது. அவருடைய கண்ணின் வித்தியாசம் இடத்தின் வித்தியாசமாக மாறிவிடும்.

எண்ணியதைச் சமைக்கும் ஆசை வேண்டாம். சிப்பியும் மட்டியும் நீரை வடித்து உண்பவை. கால்வாய் நீரிலுள்ள கிருமியும் உலோகமும் அவற்றில் சேரும், உலோகத்தைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது.

மணற்கரை

கல்கிசை, காக்கைதீவு மணலில் டொனாக்ஸ் எனப்படும் ஆப்பு வடிவச் சிறு மட்டியைத் தேடுவது வேறு விளையாட்டு. அது ஓரிடத்தில் இராது. அலை ஏறி இறங்கும் பட்டையோடு சேர்ந்து மேலும் கீழும் நகரும். ஆகவே நிலையான இடத்தில் சட்டம் வைப்பது பயனற்றது. குப்பை ஒதுங்கிய மேல்கோட்டில் இருந்து கணுக்கால் அளவு நீர் வரை ஒரு நேர்கோடு போட்டு அதைப் பத்து மட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் உள்விட்டம் 10 சென்ரிமீற்றர் உள்ள குழாயை 15 சென்ரிமீற்றர் ஆழம் இறக்கி மூன்று முறை மணல் எடுத்து ஒன்றாகச் சேருங்கள். மூன்றின் பரப்பு 235.6 சதுர சென்ரிமீற்றர்; கிடைத்த எண்ணை 42.4 ஆல் பெருக்கினால் சதுர மீற்றருக்கு எத்தனை என்று வரும். கடையில் நாலங்குலம் என்று விற்கும் குழாயின் உள்விட்டம் சரியாக 10 இராது, அளந்து உங்கள் பெருக்கெண்ணைத் திருத்துங்கள்.

ஆனால் மணற்கரைக்குச் சதுர மீற்றர்க் கணக்கைவிடக் கரையின் ஓடும் மீற்றருக்கு (கரையோரமாக ஒரு மீற்றர் நீளத்துக்கு) எத்தனை என்பதே பொருத்தம். அலை தணிந்த நாளில் கரை அகலும், மட்டிகள் பரவும். சீற்றமான நாளில் அதே மட்டிகள் ஒடுங்கும். சதுர மீற்றர் அடர்த்தி இரட்டிப்பாகும், மட்டி ஒன்றுகூடப் பிறந்திராது. பத்து மட்டத்தின் அடர்த்திகளையும் கூட்டி, மட்டங்களுக்கு இடைப்பட்ட தூரத்தால் (3 மீற்றர் என்றால் 3 ஆல்) பெருக்கினால் ஓடும் மீற்றருக்கான எண் கிடைக்கும். ஓரிடத்தில் இப்படி மூன்று கோடாவது போடுங்கள், முப்பது நாற்பது மீற்றர் இடைவெளியில். டொனாக்ஸ் திட்டுத்திட்டாக இருக்கும்.

இங்குள்ள மணல் பரும்படியானது. 1 மில்லிமீற்றர் அரிதட்டில் மணல் நிறையத் தங்கிவிடும். 2 மில்லிமீற்றர் அரிதட்டையே பாவித்து, குஞ்சுகள் தப்பியிருக்கும் என்று தாளில் எழுதிவிடுவது நேர்மை. 2021 இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது கரை முழுதும் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளும் இதே அரிதட்டில் தங்கும் பருமன்தான். கண்டால் எண்ணித் தனியாக எழுதுங்கள். கல்கிசையில் 2020 இல் வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து நிரப்பினார்கள். அங்கே பழைய எண்ணிக்கையோடு ஒப்பிடுபவர்கள் இதை மறக்கக்கூடாது, மணலின் பருமன் மாறினால் மட்டியும் மாறும்.

களப்புக்குப் போனால்

நீர்கொழும்புக் களப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீற்றர், சராசரி ஆழம் ஒரு மீற்றரும் வராது. கடல்வாய் வடக்கே, தண்டுகம் ஓயாவும் ஜா-எலவும் நன்னீரைக் கொண்டு வந்து கொட்டுவது தெற்கே. ஆகவே வாய், நடு, தெற்கு என்று மூன்று இடம் எடுத்தால் உவர்த்தன்மையின் ஏணி முழுவதும் கிடைக்கும். உவர்த்தன்மையை மேல்நீரில் அளக்க வேண்டாம். நன்னீர் மேலே மிதக்கும், மட்டி இருப்பது அடியில். மூடியோடு ஒரு போத்தலை அடிக்குக் கொண்டுபோய் அங்கே திறந்து நிரப்புங்கள்.

கண்டல் வேரிலும் நட்ட கழிகளிலும் களப்புச் சிப்பி ஒட்டும். களப்பில் கிளைகளை நட்டு மீன் சேர்த்துப் பிடிக்கும் முறை இருப்பதால் அந்தக் கிளைகளும் சிப்பிக்கு இடம். அது இயற்கை வேரல்ல என்று குறியுங்கள். வேருக்குச் சட்டம் படியாது. நீர்மட்ட அடையாளத்துக்குக் கீழுள்ள வேரின் நீளத்தைச் சுற்றளவால் பெருக்கிப் பரப்பு எடுங்கள். சேற்றுமணலில் மெரெட்ரிக்ஸ் மட்டிக்கு 25 சென்ரிமீற்றர் சட்டத்துக்குள் 15 சென்ரிமீற்றர் ஆழம் தோண்டி 5 மில்லிமீற்றர் அரிதட்டில் களப்பு நீராலேயே அலசுங்கள். எண்ணி முடிந்ததும் அதே குழியில் போட்டு மூடுங்கள்.

மட்டி எங்கே இருக்கிறது என்று கடற்றொழிலாளரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அவர்கள் காட்டிய இடத்தில் மட்டும் எண்ணினால் களப்பின் சராசரி கிடைக்காது, மட்டித்திட்டின் சராசரிதான் கிடைக்கும். அவர்கள் சொன்ன திட்டுகளில் பாதி, தற்செயல் புள்ளிகளில் பாதி என்று வைத்து, இரண்டையும் தனித்தனியே கணக்கிடுங்கள். இறங்குமுன் அங்குள்ள சங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை.

களப்பு எண்ணையும் வெள்ளவத்தைக் கல்லின் எண்ணையும் ஒரே வரைபில் போடக்கூடாது. இனம் வேறு, சாமான் வேறு, தளம் வேறு. வாழிட அளவில் நேர்மையாக ஒப்பிடக்கூடியது ஒன்றுதான்: எத்தனை வீதச் சட்டங்களில் அந்தந்த வாழிடத்தின் இனம் இருந்தது என்பது.

கணக்கு

எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு சட்டம்: இடம், துண்டு, சட்டம், உயரம், முகம், உயிருள்ளவை, செத்தவை, குஞ்சு. இனி ஒரு கற்பனை உதாரணம். இதில் இடை என்பது சராசரி, மாறற்றிறன் என்பது எண்கள் அந்த இடையிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. ஓரிடத்தின் மூன்று துண்டுகளில் நான்கு சட்டங்கள் வீதம்:

முதலாம் துண்டு: 2, 14, 5, 11. இடை 8, மாறற்றிறன் 30.
இரண்டாம் துண்டு: 18, 9, 27, 10. இடை 16, மாறற்றிறன் 70.
மூன்றாம் துண்டு: 5, 21, 14, 8. இடை 12, மாறற்றிறன் 50.

இரண்டாம் துண்டில் முதலாவதைவிட இரண்டு மடங்கு என்று எழுதக் கை துடிக்கும். பொறுங்கள். மூன்று மாறற்றிறன்களின் சராசரி 50. இது சட்டத்துக்குச் சட்டம் உள்ள ஏற்ற இறக்கம். துண்டு இடைகளான 8, 16, 12 இன் மாறற்றிறன் 16. துண்டுகளுக்கு இடையில் உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டால்கூட, நான்கு சட்டத்தின் இடை என்பதால், 50 ÷ 4 = 12.5 தானாகவே வரும். மிஞ்சுவது 16 − 12.5 = 3.5. துண்டின் பங்கு அவ்வளவே.

மற்ற இரண்டு இடங்களிலும் உள்வித்தியாசம் இதே அளவு, இடங்களின் இடைகள் 12, 31, 14 என்று வையுங்கள். இவற்றின் மாறற்றிறன் 109. அதில் துண்டுகளால் தானாக வருவது 16 ÷ 3, அதாவது 5.3. மிச்சம் 103.7 இடத்தின் பங்கு. மூன்றையும் கூட்டினால் 157.2: இடம் 66 வீதம், துண்டு 2 வீதம், சட்டம் 32 வீதம். இப்போது சொல்லலாம், 31 வந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, போய்த் தேடு என்று. அதேவேளை 12 க்கும் 14 க்கும் கதை கட்ட வேண்டாம். கழித்தலில் எதிரெண் வந்தால் அந்தப் படியின் பங்கைப் பூச்சியமாக எடுங்கள். மூன்று இடத்தை மட்டும் வைத்து வந்த 109 உறுதியான எண்ணல்ல. நாலாவது, ஐந்தாவது இடத்தைச் சேர்த்தால் பெரிதாக மாறலாம். அடுத்த முறை கையில் மேலதிக நேரம் இருந்தால் அதை எங்கே செலவிடுவது என்பதையும் இந்தப் பங்குகளே காட்டும்.

எண்ணிக்கைத் தரவுகளில் இடை கூடினால் மாறற்றிறனும் கூடும், மேலே 30, 70 என்று வந்ததுபோல. பெரிய வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு எண்ணின் வர்க்கமூலத்தையும் எடுத்து அதே கணக்கை மறுபடி செய்யுங்கள். இரண்டு வழியிலும் ஒரே முடிவு வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் ஓரிரு நெருக்கமான சட்டங்களே முழுக் கதையையும் இழுக்கின்றன.

பல நாட்டுப் பாறைக்கரைகளில் இப்படிப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தபோது பெரும் பங்கு மிகச் சிறிய அளவிலேயே கிடந்தது. உங்கள் முடிவும் அப்படி வந்தால் வேலை தோற்றுவிட்டது என்று பொருளல்ல. கல்லின் முகம், வெடிப்பு, நிழல் என்று பார்க்க வேண்டும். கால்வாயைக் குறை சொல்லி அறிக்கை எழுத இடமில்லை.

ஒரு முறை எண்ணியது எத்தனை நாளைக்குச் செல்லும்

அதிக நாளைக்கு அல்ல. மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிப் பார்கள் (சிப்பி விளையும் கடலடித் திட்டுகள்) இதற்குப் பழைய சாட்சி. 1905 இல் அங்கே சுமார் 8 கோடிச் சிப்பி குளித்து எடுத்தார்கள். சில ஆண்டுக்குள் பார்கள் வெறுமையாகிக் குளிப்பு நின்றுபோனது. அவற்றில் பெரியபார் என்ற பாரில் குஞ்சுகள் அடர்த்தியாக ஒட்டுவதும், அடுத்த சோளகத்தில் அள்ளுண்டு போவதும் திரும்பத் திரும்பப் பதிவானது. சோளகத்துக்கு முன்பு எண்ணியவர் செழிப்பைக் கண்டார், பின்பு எண்ணியவர் வெறுமணலைக் கண்டார். இருவரும் சரியாகவே எண்ணினார்கள்.

கொழும்பிலும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது எண்ணுங்கள்: மார்ச்சில் ஒன்று, சோளகம் ஓய்ந்து கடல் இறங்கியதும் ஒன்று. அதோடு ஒவ்வொரு பருவத்திலும் அடுத்த போயாவில் ஒரே ஓர் இடத்தை மட்டும் மறுபடி எண்ணிவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் எவ்வளவு மாறுகிறது என்று தெரியாமல் ஆறு மாத வித்தியாசத்துக்குப் பருவம் என்று பெயர் வைக்க முடியாது. மறுமுறை போகும்போது அதே கல்லைத் தேட வேண்டியதில்லை, அதே துண்டில் புதிய தற்செயல் எண்கள். கொங்கிறீற்றில் கீறிய உயரக்கோட்டைப் படம் எடுத்து, ஜீ.பி.எஸ். எண்ணோடும் பக்கத்திலுள்ள கடவையின் பெயரோடும் தாளின் தலைப்பில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு எண்ணப்போவது வேறு வகுப்பு.